18-ஆம் நம்பர் ஸ்குவாட்ரன்: எங்கிட்ட அடிக்கடி கேக்கற சந்தேகங்களும் எனக்குத் தெரிஞ்ச பதிலும்

2020 மே மாசம், ஊரடங்கு நேரம், கோயமுத்தூர் பக்கம் சூலூர்ல, நம்ம நாட்டுலயே தயாரிச்ச தேஜஸ் போர் விமானத்தோட ஒரு ஸ்குவாட்ரன் தொடங்குறாங்கன்னு நியூஸ் வந்தப்ப எங்க குடும்ப வாட்சப் குரூப்ல ஆரம்பிச்ச கேள்விகள் இது. அதுக்கப்பறம் கல்யாண வீடு, டீக்கடை, பையன் ஸ்கூல் வாசல்னு எங்க போனாலும் யாராவது ஒருத்தர் இதே விஷயத்த கேப்பாரு, நானும் ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்லுவேன். வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சுட்டேன். நான் விமானப்படைல வேல பாத்தவன் கெடையாது, இதப் படிக்கறதுல ஒரு பைத்தியம், அவ்ளோதான்.

ஸ்குவாட்ரன்னா என்னங்க? ஒரு விமானமா, இல்ல ஒரு ஏர்போர்ட்டா?

ரெண்டும் இல்லைங்க. ஒரே வகை விமானம் ஒரு பதினாறு பதினெட்டு, அத ஓட்டற பைலட்டுங்க, அதப் பாத்துக்கற டெக்னீசியன்கள், மேல ஒரு கமாண்டிங் ஆபீசர், எல்லாம் சேர்ந்த குழுதான் ஸ்குவாட்ரன். அதுக்கு ஒரு நம்பர், ஒரு சின்னம், ஒரு வாசகம் இருக்கும். 18-க்கு பட்டப்பேரு 'ஃபிளையிங் புல்லட்ஸ்', பறக்கும் தோட்டாக்கள். வாசகம் 'தீவ்ர் ஔர் நிர்பய்', அதாவது வேகமும் பயமின்மையும்.

ஏர்போர்ட் மாறும், விமானம் மாறும், ஆளுங்க ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாறிட்டே இருப்பாங்க. நம்பர் மட்டும் மாறாது. இத மனசுல வச்சுக்கிட்டா கீழ இருக்கற பாதி குழப்பம் தானா தீந்துடும்.

சூலூருக்கு 2020-ல தான வந்துச்சு? அப்பறம் எப்படி 1971 போர்ல சண்ட போட்டுச்சு?

இதத்தான் அதிகம் கேக்கறாங்க. மேல சொன்ன மாதிரி, சூலூருக்கு வந்தது பழைய நம்பர். 18-ஆம் ஸ்குவாட்ரன் உருவானது 1965 ஏப்ரல் 15, அம்பாலாவுல. அப்ப கையில இருந்தது நேட் விமானம். அப்பறம் அஜீத், அதுக்கப்பறம் மிக்-27. 2016 ஏப்ரல் 15, சரியா 51-ஆவது பிறந்தநாள் அன்னிக்கு, மிக்-27-ஓட சேர்த்து ஸ்குவாட்ரனையும் மூடி வச்சுட்டாங்க. இதுக்கு 'நம்பர் பிளேட்' பண்றதுன்னு பேரு, கலைச்சுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, நம்பர அலமாரில எடுத்து வச்சிருக்கோம் அப்பறமா யாருக்காவது குடுப்போம்னு அர்த்தம்.

நாலு வருஷம் அலமாரில இருந்த அந்த நம்பர 2020 ஏப்ரல் 1 அன்னிக்கு சூலூர்ல எடுத்து தேஜஸுக்குக் குடுத்தாங்க. மே 27, அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி பதௌரியா வந்து முறைப்படி தொடங்கி வச்சாரு. தேஜஸ் வாங்கின ரெண்டாவது ஸ்குவாட்ரன் இது, முதல்ல வாங்கினது 45, அதுவும் சூலூர்லதான் இருந்துச்சு. எங்க சித்தப்பா இன்னமும் 'நம்ம ஊரு ஸ்குவாட்ரன் பாகிஸ்தான அடிச்சுது'ன்னு சொல்லிட்டு இருக்காரு. அடிச்சது உண்மை, ஆனா அப்ப நம்ம ஊர்ல இல்ல சித்தப்பா.

நேட்னா கொசுவாமே? விமானத்துக்குப் போயி யாராவது கொசுன்னு பேரு வைப்பாங்களா?

கொசு மாதிரி ஒரு பூச்சிதான், வச்சாங்க. இங்கிலாந்துல ஃபோலண்ட்னு ஒரு கம்பெனி, பெட்டர்னு ஒரு டிசைனர். அந்தக் காலத்துல போர் விமானம் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் பெருசாகி வெலையும் ஏறிட்டே போச்சு, அவரு உல்டாவா யோசிச்சு, எவ்ளோ சின்னதா பண்ண முடியுமோ அவ்ளோ சின்னதா பண்ணுவோம்னு பண்ணினதுதான் இது. 1955 ஜூலைல முதல்ல பறந்துச்சு. இறக்கை இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் 6.7 மீட்டர், நீளம் 9 மீட்டருக்கும் கம்மி. நம்ம டவுன் பஸ் இத விட நீளம்.

வேடிக்கை என்னன்னா இங்கிலாந்து விமானப்படை இத சண்டைக்கு எடுத்துக்கவே இல்ல, ரெண்டு சீட் போட்டு பயிற்சி விமானமாத்தான் வாங்குனாங்க. ஃபின்லாந்து கொஞ்சம் வாங்குச்சு, யுகோஸ்லாவியா ரெண்டு வாங்கிப் பாத்துச்சு. இதையே நம்பி ஸ்குவாட்ரன் ஸ்குவாட்ரனா வச்சு ஓட்டினதும், பெங்களூர்ல எச்ஏஎல்-ங்கற அரசு விமானக் கம்பெனில லைசென்ஸ் வாங்கி தயாரிச்சதும் நாமதான்.

அவ்ளோ குட்டி விமானம் பெரிய சேபர எப்படி அடிக்கும்? சும்மா பெருமைக்கு சொல்றாங்களா?

பெருமையும் இருக்கு, காரணமும் இருக்கு. சேபர்னா அமெரிக்காவோட எஃப்-86, கொரியப் போர்ல பேரு வாங்கினது, பாகிஸ்தான் விமானப்படையோட முக்கியமான ஆயுதமே அதுதான். அதோட இறக்கை 11 மீட்டருக்கு மேல. நேட் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். சண்டை அப்பல்லாம் கண்ணால பாத்துத்தான், அதனால சின்னதா இருக்கறதே பெரிய பாதுகாப்பு, ஒரு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனா நேட் ஒரு புள்ளி, கண்ணுக்கு சிக்காது. எடையும் கம்மிங்கறதால சட்டுனு மேல ஏறும், டக்குனு திரும்பும்.

கோளாறும் நெறைய. துப்பாக்கி ரெண்டுதான், 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி, ஒவ்வொன்னுக்கும் 115 குண்டு. அது செகண்டுக்கு 20 குண்டு துப்பற பீரங்கி. வகுத்துப் பாருங்க, ஆறு செகண்டுக்குள்ள எல்லாம் காலி. மொத்த சண்டைக்கும் ஒரு பைலட் கிட்ட இருக்கறது அந்த ஆறு செகண்டுதான், அதுலயும் நடுவுல பீரங்கி ஜாம் ஆயிடும், இது நேட்டுக்கு தீராத வியாதி. பறக்கும்போது வால் பக்க கண்ட்ரோல் தகராறும் பண்ணும். சக்கரத்தப் பாதி எறக்கித்தான் காத்துல பிரேக் போடணும், தனியா ஏர் பிரேக் வைக்க எடமே இல்ல. ஓட்டத் தெரிஞ்சவன் கையிலதான் அது பூச்சி, தெரியாதவனுக்கு சவப்பெட்டி.

சேபர் ஸ்லேயர்னு பட்டம் வாங்கினது இந்த 18 தான?

சேபர் ஸ்லேயர்னா சேபரக் கொன்னவன், அந்தப் பட்டம் நேட் விமானத்துக்கு, 18-க்கு தனியா இல்ல. 1965 போர்ல அதுக்குப் பேரு வாங்கிக் குடுத்தது முக்கியமா 23-ஆம் ஸ்குவாட்ரன். செப்டம்பர் 3 ட்ரெவர் கீலர் ஒரு சேபர அடிச்சாரு, மறுநாள் பத்தானியா. அப்பறம் 19-ஆம் தேதி ட்ரெவரோட அண்ணன் டென்சில் கீலர், அவரு 9-ஆம் ஸ்குவாட்ரன். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே போர்ல ஒரே மாதிரி வேலைக்கு வீர் சக்ராங்கற வீர விருது வாங்கினாங்க. அப்ப 18 பொறந்து அஞ்சு மாசக் குழந்தை.

1971-ல இன்னொரு பெரிய நேட் சண்டை நவம்பர் 22, வங்காளத்துல போய்ரா பக்கம். மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ்னு நாலு பேரு, மூணு சேபர அடிச்சோம்னு கணக்கு, ரெண்டு பாகிஸ்தான் பைலட்டு பாராசூட்ல குதிச்சு மாட்டிக்கிட்டாங்க. அதுல ஒருத்தரு, பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பின்னாடி அந்த நாட்டு விமானப்படைக்கே தளபதி ஆனாரு. அது 22-ஆம் ஸ்குவாட்ரன். போர்வர்ட் மெசேஜ்ல இதையும் 18 கணக்குல எழுதறாங்க, தப்பு. குழப்பம் வர்றதுல ஆச்சரியமும் இல்ல, 2015 நவம்பர்ல ஹாசிமாராவுல ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி கௌரவக் கொடி குடுத்தப்ப 18-க்கும் 22-க்கும் ஒரே மேடைலதான் குடுத்தாரு.

அப்ப 18 என்னதான் பண்ணுச்சு?

காஷ்மீர் பள்ளத்தாக்குக்குக் காவல் காத்துச்சு. ஸ்ரீநகர்ல எறங்கி அங்க இருந்தே பறந்த முதல் ஸ்குவாட்ரன் இதுதான்னு விமானப்படையே சொல்லுது. அதுக்குக் காரணம் இருக்கு, அடுத்த பதில்ல சொல்றேன்.

ஸ்ரீநகர் எவ்ளோ முக்கியமான எடம், அங்க ஏன் முன்னாடியே போர் விமானம் வைக்கல? தூங்கிட்டாங்களா?

தூங்கல. 1948 காலத்து போர் நிறுத்த ஏற்பாடு ஒன்னு, சர்வதேச ஒப்பந்தம், அதன்படி ஸ்ரீநகர்ல அமைதிக் காலத்துல வான் பாதுகாப்பு விமானம் நிறுத்தக் கூடாது. சண்டை மூண்டப்பறம்தான் அங்க வைக்க முடிஞ்சுது. 1971 டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் நம்ம ஏர்பேஸ்கள் மேல ஒரே நேரத்துல குண்டு போட்டுது, அதுல ஸ்ரீநகரும் ஒன்னு. போர் நடக்கறப்ப அங்க காவலுக்கு இருந்தது 18-லேர்ந்து பிரிச்சு அனுப்புன ஒரு சின்ன குழு.

இதுல மறந்துடற விஷயம், போன பைலட்டுகளுக்கு அந்த எடம் புதுசு. பஞ்சாப் சமவெளில பறந்து பழகினவங்கள கடல் மட்டத்துக்கு 5,400 அடி மேல, சுத்தி மலை, டிசம்பர் குளிரு, காலைல பனிமூட்டம்னு ஒரு எடத்துல கொண்டு விட்டா எப்படி இருக்கும். டிசம்பர் 14 அன்னிக்கு இங்க இருந்து பறந்து சேபருங்களோட மோதி உயிர விட்டு, போர்க்கால வீரத்துக்கான ஒசந்த விருதான பரம்வீர் சக்ரா வாங்கின பைலட்டு செக்கோன் பத்தி எழுதறவங்களும் இதத்தான் சொல்றாங்க, அவருக்கு அந்த நிலப்பரப்பு பழக்கமில்ல, உயரத்துக்கும் குளிருக்கும் உடம்பு பழகலன்னு.

எதிரி வர்றது ரேடார்ல தெரியாதா? அரை மணி நேரம் முன்னாடியே கெளம்பி மேல நிக்கலாமே?

ரேடார் நேர்கோட்டுல பாக்கற சாமான், மலைக்குப் பின்னாடி பாக்காது. தாழ்வா மலையிடுக்குல வர்ற விமானம் கடைசி வரைக்கும் தெரியாது. அதனால மலை உச்சில ஆளுங்கள உக்கார வச்சு, கண்ணால பாத்து ரேடியோல சொல்ற ஏற்பாடுதான்.

நேரத்தக் கணக்குப் போடுங்க. பாகிஸ்தான் சேபருங்க கெளம்பி வர்ற பெஷாவர்ல இருந்து ஸ்ரீநகர் நேர்கோட்டுல சுமார் 300 கிலோமீட்டர், எல்லைக்கோட்டுல இருந்து பாத்தா ஒரு எழுபது கிலோமீட்டர் வரும். சேபர் நிமிஷத்துக்கு 13 கிலோமீட்டர் போகும்னு வச்சுக்கிட்டாலும் எல்லைய தாண்டி அஞ்சு நிமிஷத்துல தலைக்கு மேல. அதுக்குள்ள பாத்தவன் சொல்லணும், சொன்னது போய்ச் சேரணும், பைலட்டு எஞ்சின் ஸ்டார்ட் பண்ணி ரன்வேக்கு வரணும். நேரம் முழுக்க மேலயே நிக்கவும் முடியாது, குட்டி விமானத்துல எரிபொருளும் குட்டியாத்தான் இருக்கும். அதனாலதான் ரன்வே ஓரத்துலயே விமானத்துல பெல்ட்டு கட்டி உக்காந்திருப்பாங்க, ரெடினஸ் டூட்டின்னு சொல்றது அதத்தான்.

சரி, டிசம்பர் 14 அன்னிக்கு என்னதான் நடந்துச்சு? சுருக்கமா இல்லாம சொல்லுங்க.

அன்னிக்கு பெஷாவர்ல இருந்து பாகிஸ்தானோட 26-ஆம் ஸ்குவாட்ரன் ஆறு சேபர் கெளம்புச்சு. நாலு விமானத்துல குண்டு, ரெண்டு பாதுகாப்புக்கு. ஸ்ரீநகர்ல ரெடினஸ்ல இருந்தது ரெண்டு நேட். முதல் விமானத்துல பிளைட் லெப்டினன்ட் பல்தீர் சிங் கும்மன், ரெண்டாவதுல பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செக்கோன். கும்மனுக்கு ரேடியோல 'ஜி-மேன்'னு பேரு. செக்கோனுக்கு 'பிரதர்', எல்லாரையும் பிரதர் பிரதர்னு கூப்பிடுவாராம், கடைசில அவருக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. லூதியானா பக்கம் இசேவால் கிராமம், அப்பாவும் விமானப்படைக்காரர். வயசு 26, கல்யாணம் ஆகி சில மாசம்.

கும்மன் முதல்ல ஓடிக் கெளம்பிட்டாரு. அவரு கெளப்புன புழுதி ரன்வேய மூடிருச்சு, செக்கோனால ஒடனே பின்னாடி போக முடியல, முன்னாடி ஒன்னும் தெரியாது, காத்திருக்கணும். அந்தக் காத்திருப்பு எவ்ளோ நேரமோ தெரியல, ஆனா எனக்கு இந்தக் கதைலயே வயித்தப் பெசையற எடம் அதுதான். கண்ணாடிக்கு வெளிய புழுதி, எஞ்சின் ஓடுது, மேல விமானச் சத்தம், அசையக் கூடாது. புழுதி அடங்கறதுக்குள்ள ஆறு சேபரும் தலைக்கு மேல வந்து தளத்த அடிச்சுக்கிட்டு இருக்கு. ரன்வேல ஓடற விமானம்னா கூண்டுல மாட்டுன எலி மாதிரி, நேர்கோட்டுலதான் போகும், வளைய முடியாது, வேகமும் இருக்காது. எறங்கி பள்ளத்துல படுத்திருந்தாலும் யாரும் கேக்கப் போறதில்ல. அவரு கெளம்பிட்டாரு.

மேல போன கையோட முன்னாடி போயிட்டிருந்த ரெண்டு சேபருக்குப் பின்னாடி போயி ஒட்டிக்கிட்டாரு. மத்த சேபருங்க இதப் பாத்துட்டுத் திரும்புச்சு. சண்டை மரத்து உச்சி உயரத்துல, சுத்திச் சுத்தி, ஒருத்தன் பின்னாடி ஒருத்தன். கொஞ்ச நேரம் அவரு சமாளிச்சாரு, ரெண்டு சேபருக்கு சேதமும் பண்ணினாரு, கடைசில எண்ணிக்கை ஜெயிச்சுது. விமானம் கீழ விழுந்துச்சு.

அதே டிசம்பர் 14-லதான் நம்ம மிக்-21-கள் டாக்காவுல கவர்னர் மாளிகைய அடிச்சுது. ரெண்டு நாள்ல டாக்கா சரண்டர்.

கூடப் போன கும்மன் ஏன் உதவிக்கு வரல?

இத ஒரு மாதிரி குற்றம் சொல்ற குரல்ல கேக்கறாங்க, எனக்குக் கோவம் வரும். அவரு முன்னாடி கெளம்புனவரு, செக்கோன் லேட்டா வந்தாரு, நடுவுல புழுதி, பனிமூட்டம், குண்டுப் புகை. ஜோடி பிரிஞ்சு போச்சு, ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரியல. நேட் சின்னதுங்கறது எதிரிக்கு மட்டுமா, கூட்டாளிக்கும் அது புள்ளிதான். ரேடியோல குரல் கேக்கும், ஆளு எந்தப் பக்கம்னு தெரியாது. பள்ளத்தாக்குல அந்தப் பனில தேடறது என்ன சாதாரணமா.

செக்கோன் மொத்தம் எத்தன விமானத்த சுட்டு விழுத்தினாரு? ஒருத்தர் ரெண்டுங்கறாரு, ஒருத்தர் ஒன்னுங்கறாரு, இன்னொருத்தர் ஒன்னுமே இல்லைங்கறாரு.

விருதுப் பத்திரம் விழுத்தினாருன்னு சொல்லல, ரெண்டு விமானத்துக்கு சேதம் பண்ணினாருன்னுதான் சொல்லுது. பாகிஸ்தான் தரப்பு ஆறும் வீடு திரும்புச்சுங்குது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒன்னோட ஒன்னு மோதவே இல்லையே, அடிபட்ட விமானம் தத்தித் தத்தி ஊர் போய்ச் சேர முடியும். 'ரெண்டு விமானத்த வீழ்த்திய வீரர்'னு பேனர் அடிக்கறவங்கதான் பத்திரத்த படிக்காம அடிக்கறாங்க.

இது செக்கோனுக்கு மட்டும் வர்ற பிரச்சனை இல்ல. மேல சொன்ன ட்ரெவர் கீலர் கதையிலயும் இதே தகராறு, அவரு அடிச்ச சேபர் விழுந்துச்சுன்னு நாம, நொண்டிக்கிட்டே வந்து எறங்கிருச்சுன்னு அவங்க. புகையக் கக்கிக்கிட்டு மலைக்குப் பின்னாடி போன விமானத்த 'விழுந்தது'ன்னு எழுதறது பொய் இல்ல, பாத்தவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். எல்லா நாட்டுலயும், எல்லாப் போர்லயும் இது உண்டு. அதனால நான் எண்ணிக்கைய வச்சு யார்கிட்டயும் சண்டைக்குப் போறதில்ல.

அவர சுட்ட பாகிஸ்தான் பைலட்டே பாராட்டி எழுதினாராமே, உண்மையா வாட்சப் கதையா?

உண்மை. சலீம் பெய்க் மிர்சாங்கறவரு, பிற்பாடு ஒரு கட்டுரைல செக்கோனோட திறமைய மெச்சி எழுதியிருக்காரு. எதிரிய எளக்காரமா பேசினா தன்னோட சண்டைக்கும் மதிப்பு கொறையுங்கறது தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும்ல. ஆனா வாட்சப்ல சுத்தறதுல அவரு அழுதாரு, சல்யூட் அடிச்சாருன்னு சினிமா சேத்திருக்காங்க, அத விட்டுடுங்க.

'ரெண்டு சேபருக்குப் பின்னாடி இருக்கேன், விடமாட்டேன்'னு ரேடியோல சொன்னது நெசமா?

அப்படி ஒன்னு சொன்னாருன்னுதான் எல்லாக் குறிப்புலயும் வருது, கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு, பாடப்புத்தகத்துல அத வெட்டிடறாங்க. கடைசியா வந்ததா சொல்றது, எனக்கு அடி பட்டுடுச்சுன்னு நினைக்கிறேன் ஜி-மேன், வந்து இவங்கள புடிங்கங்கற மாதிரி ஒரு வாக்கியம். தரைல ரேடியோ கேட்டவங்க பின்னாடி ஞாபகத்துல இருந்து சொன்னது, அதனால ஒவ்வொரு எடத்துல வார்த்தை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். எழுத்துக்கு எழுத்து இதான்னு சத்தியம் பண்ணாதீங்க.

பாராசூட்ல குதிச்சிருக்கலாமே?

முயற்சி பண்ணியிருக்காரு. அடிபட்ட பின்னாடி விமானம் கொஞ்ச தூரம் நேரா போயி, அப்பறம் தலைகீழா பொரண்டு கீழ போயிருக்கு, அனேகமா கண்ட்ரோல் போயிருக்கும். மேல இருக்கற கண்ணாடி மூடி கழண்டு பறந்தத பாத்திருக்காங்க, அதாவது கடைசி நொடில வெளியேறப் பாத்திருக்காரு, முடியல. மரத்து உயரத்துல சண்டைன்னு மேல சொன்னேன்ல, அந்த உயரத்துல தலைகீழா இருந்தா சீட்டு வெளிய வந்தாலும் தரையப் பாத்துத்தான் வரும்.

உடம்பு கூடக் கிடைக்கலயாமே?

ஆமாங்க. ஸ்ரீநகர் டவுன்ல இருந்து ஏர்பேஸுக்கு வர்ற ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு மலைப்பள்ளத்துல விமானத்தோட செதறல் கிடைச்சுது. ராணுவமும் விமானப்படையும் பல தடவ தேடியும் அவரு கிடைக்கல.

கோவிச்சுக்காதீங்க, தோத்த சண்டைக்கு எதுக்கு பரம்வீர் சக்ரா?

கோவம் இல்ல, நல்ல கேள்விதான், நேரா கேட்டவரு ஒரு ரிட்டயர்டு வாத்தியார். பரம்வீர் சக்ரா எத்தன பேர அடிச்சேங்கறதுக்குக் குடுக்கற பரிசு இல்ல. தாக்குதல் நடந்துட்டு இருக்கறப்ப கெளம்பறது சாவுக்கு சமம்னு தெரிஞ்சும் கெளம்பினாருங்கறத விருதுப் பத்திரம் வெளிப்படையா சொல்லுது, அதுக்குத்தான் விருது. குண்டு போட வந்தவன் நிம்மதியா குறி பாத்துப் போட முடியாம, திரும்பி ஒரு பூச்சியத் தொரத்த வேண்டியதாயிடுச்சு. காவலுக்கு நிக்கறவன் வேலையே அதான, திருடன புடிக்கறது ரெண்டாவது.

விமானப்படைல இது வரைக்கும் பரம்வீர் சக்ரா வாங்கினது அவரு ஒருத்தர்தான். மத்த அத்தனையும் தரைப்படை.

போர்லேர்ந்து திரும்பினப்பறம் 18 என்னாச்சு? மிக்-27 சண்டை விமானமே இல்லைங்கறாங்களே?

நேட்டையே நம்ம ஆளுங்க கொஞ்சம் சரி பண்ணி அஜீத்னு எடுத்தாங்க, 18 அதுக்கு மாறுச்சு. மேல சொன்ன கோளாறு எல்லாம் சரி பண்ணப் பாத்ததுதான் அஜீத், இறக்கைக்குள்ளயே எரிபொருள் வச்சாங்க. அப்பறம் மிக்-27. அது தரைல அடிக்கறதுக்கான விமானம், இறக்கைய முன்ன பின்ன மடிக்கலாம், வானத்துல சண்டை போடறது அதோட தொழில் இல்ல, அதனால கேட்டவரு சொன்னது கிட்டத்தட்ட சரிதான். காவல்காரனா இருந்த ஸ்குவாட்ரன் அந்தக் காலத்துல அடிக்கற வேலைக்குப் போயிடுச்சு. தேஜஸ் வந்தப்பறம் மறுபடி ரெண்டும்.

ஒன்னு கவனிச்சீங்களா, தேஜஸும் குட்டிதான், இறக்கை 8.2 மீட்டர். குட்டி விமானத்துக்கும் இந்த நம்பருக்கும் ஏதோ ராசி.

செக்கோன் பேர்ல ஏதாவது இருக்கா? நேட்ட நேர்ல எங்க பாக்கலாம்?

2023 ஜனவரி 23 அன்னிக்கு அந்தமான்ல பேரில்லாத 21 தீவுக்கு பரம்வீர் சக்ரா வாங்கினவங்க பேர வச்சாங்க, அதுல ஒன்னு செக்கோன் தீவு. அதுக்கு முன்னாடியே ஒரு எண்ணெய்க் கப்பலுக்கு அவரு பேரு இருந்துச்சு. லூதியானாவுல சிலை இருக்கு.

நேட்ட பாக்கணும்னா டெல்லில பாலம்ங்கற எடத்துல இருக்கற விமானப்படை மியூசியம். ஒன்னு பாகிஸ்தான்லயும் இருக்கு, 1965-ல சிக்கந்த்ங்கற நம்ம பைலட்டு பஸ்ரூர்ங்கற எடத்துல எறங்கி மாட்டிக்கிட்ட விமானம், கராச்சி மியூசியத்துல நிறுத்தி வச்சிருக்காங்க. எப்படி எறங்கினாருங்கறதுல ரெண்டு நாட்டுக் கதையும் வேற வேற. நான் பாலம் போனப்ப நேட் பக்கத்துல நின்னு பாத்தேன், கைய நீட்டினா காக்பிட் விளிம்பு எட்டற மாதிரி இருந்துச்சு, உள்ள ஒரு ஆளு தோள ஒடுக்கித்தான் உக்காரணும். பக்கத்துல நின்ன ஒரு சின்னப் பையன் அவங்க அப்பாகிட்ட இந்தில கேட்டான், இது நெசமா பறக்குமா இல்ல பசங்க வெளையாடறதான்னு. அவங்கப்பா போர்டத் தேடிட்டு இருந்தாரு.